கேளுங்கள், சொல்கிறேன்: நீல உடைச் சிறுவன்

கலிபோர்னியாவில் சான் மரினோ என்ற ஊரில் ஹண்டிங்டன் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே நான் பார்த்த 'புளூ பாய்' ஓவியத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். தபால்காரருக்கு நல்ல வேலை வைத்துவிட்டீர்கள். ஆகவே இந்த இதழ் முழுவதும் அந்தப் படத்துக்கும், அதை வரைந்த தாமஸ் கெய்ன்ஸ்பரோவுக்கும்.

கே: எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் இந்தப் படம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தது. யாரோ இங்கிலாந்து இளவரசன் என்று பாட்டி சொல்வார். எந்த இளவரசன்? (வாசகி, திருச்சி)

ப: இளவரசனும் இல்லை, பிரபு வீட்டுப் பிள்ளையும் இல்லை. லண்டனில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவரின் மகன் ஜோனதன் பட்டால் என்பதுதான் வழிவழியாக வரும் பெயர். ஓவியரின் அக்காள் மகன் கெய்ன்ஸ்பரோ டூபாண்ட்தான் நின்றான் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அவன் மாமாவிடமே தொழில் கற்றவன். என் மனம் மருமகன் பக்கம்தான் சாய்கிறது. யாரோ காசு கொடுத்து வரையச் சொன்ன படமாக இது தெரியவில்லை. புதுக் கேன்வாஸ்கூட எடுக்காமல், வேறு யாரோ ஒருவரை வரையத் தொடங்கிப் பாதியில் விட்ட கேன்வாஸின் மேலேயே வரைந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தால் பையனின் தலைக்கு மேலே அந்த ஆளின் தலை தெரிகிறது. பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு இந்த வேலையைச் செய்துவிட்டுத் தப்ப முடியுமா?

உங்கள் பாட்டியை ஏமாற்றியது அந்த உடை. 1770-ல் எந்த இங்கிலாந்துப் பையனும் அப்படி உடுத்திக்கொண்டு தெருவில் போகவில்லை. அது ஏறக்குறைய 140 ஆண்டு பழைய பாணி; முதலாம் சார்லஸ் மன்னரின் அரசவையை வரைந்த வான் டைக் காலத்து உடை. கெய்ன்ஸ்பரோவின் வேறு சில படங்களிலும் இதே உடையை வேறு பையன்கள் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில், வருகிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொள்ள ஆணியில் ஒரு கோட்டு தொங்குமே, அந்தக் கதைதான். வான் டைக் மீது அவருக்கு அப்படியொரு பக்தி. நாம் எல்லோரும் சொர்க்கத்துக்குப் போகிறோம், வான் டைக்கும் கூட வருகிறார் என்று மரணப் படுக்கையில் சொன்னாராம்.

கே: படத்தின் நடுவே நீலத்தைக் கொட்டக் கூடாது என்று ரெனால்ட்ஸ் சொன்னதற்குப் பதிலடியாக வரைந்தது என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

ப: அழகான கதை. விட மனமில்லாமல் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ராயல் அகாடமி என்ற லண்டன் ஓவியர் கழகத்தின் தலைவர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ். அவர் அந்த உரையை நிகழ்த்தியது 1778-ல். படம் ராயல் அகாடமி கண்காட்சிக்கு வந்தது 1770-ல். எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் பேச்சுக்கு முன்கூட்டியே பதில் எழுத கெய்ன்ஸ்பரோ என்ன ஜோசியரா?

ஆனால் அகாடமியோடு அவருக்கு உரசல் இருந்தது உண்மை. 1784-ல், அப்போதைய மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மூன்று மகள்களை வரைந்த படத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்னார். உயரத்தில் மாட்டினால் நுணுக்கம் தெரியாது என்றார். அவர்கள் மறுக்க, எல்லாப் படங்களையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர் மறுபடி அந்தப் பக்கம் படம் அனுப்பவே இல்லை. நியாயம் அவர் பக்கம்தான்.

கே: பணக்காரர்களின் முகத்தை வரைந்தே காலம் தள்ளிய ஒருவரை மேதை என்பதா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: கேள்வியில் காரம் இருக்கிறது, அவரே இதைக் கேட்டிருந்தால் உங்களைக் கட்டிக்கொண்டிருப்பார். நண்பர் வில்லியம் ஜாக்சனுக்கு எழுதிய கடிதத்தில், முகங்களை வரைந்து சலித்துவிட்டது, என் வயோலா ட கம்பாவை (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்) எடுத்துக்கொண்டு ஏதாவது இனிமையான கிராமத்துக்குப் போய் நிலக்காட்சி வரைந்துகொண்டிருக்கலாம் போலிருக்கிறது என்று புலம்புகிறார். போகவில்லை. நிலக்காட்சிகள் எளிதில் விலைபோகவில்லை; முகங்கள் போயின. சீமான்கள் நீராட வந்து கூடும் பாத் நகரத்துக்கு 1759-ல் குடிபெயர்ந்தார், 1774-ல் லண்டனுக்குப் போனார். கடைசிக் காலத்தில் தலை மட்டும் என்றால் 40 கினி (அந்நாள் ஆங்கிலப் பொற்காசு), அரை உருவம் 80, ஆளுயரம் 160.

காசுக்கு வரைந்தார் என்பதற்காகக் கைவேலையில் குறை வைக்கவில்லை. ரெனால்ட்ஸ் உட்படப் பலர் முகத்தை வரைந்துவிட்டு, உடைகளை அதற்கென்றே இருந்த ஆட்களிடம் தள்ளிவிடுவது வழக்கம். கெய்ன்ஸ்பரோ பட்டும் சரிகையும் தாமே வரைந்தார். வெளிச்சத்தைக் குறைத்து, சில சமயம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஆறடி நீளப் பிடி போட்ட தூரிகையால் தள்ளி நின்று தீட்டுவாராம். படம் வரைந்துகொள்ள வந்தவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆளும் இல்லை. நடிகை சாரா சிடன்ஸை வரையும்போது, இந்த மூக்குக்கு முடிவே கிடையாதா என்று எரிந்து விழுந்ததாக ஒரு கதை உண்டு.

கே: நேரில் பார்த்தால் அப்படி என்ன இருக்கிறது? அச்சிலேயே நன்றாகத்தானே இருக்கிறது? (வாசகி, புதுச்சேரி)

ப: அச்சில் நீலம் இருக்கிறது. நேரில் நீலம் என்று ஒன்று இல்லை! ஏறக்குறைய ஆறடி உயரப் படம். எட்ட நின்றால் பட்டு பளபளக்கிறது. கயிற்றுத் தடுப்பு வரை போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்: சாம்பல், வெள்ளை, பச்சை சாயல், கறுப்பு, எல்லாம் கோணல்மாணலாக இழுத்த கோடுகள். வலது கையில் தொங்கும் தொப்பியின் இறகு நாலு வீச்சில் முடிந்துவிட்டது. முழங்கைப் பக்கம் ஒரு கோடு எதையும் காட்டவில்லை, சும்மா ஓடுகிறது. இரண்டு எட்டு பின்னால் வந்தால் அதுவே மடிப்பு. இந்தக் கிறுக்கல்களையும் தூரத்தில் அவை உருவமாகும் மாயத்தையும், கெய்ன்ஸ்பரோ 1788-ல் இறந்தபின், அதே ரெனால்ட்ஸ் அகாடமி மேடையில் மனம்விட்டுப் பாராட்டினார்.

கீழே வலப்புறம் உள்ள கற்குவியலையும் பாருங்கள். அங்கே முதலில் ஒரு சடைநாய் இருந்தது, எக்ஸ்ரேயில் தெரிகிறது. ஏனோ மனம் மாறிக் கல்லால் மூடிவிட்டார். நல்ல முடிவு. நாய் இருந்திருந்தால் நாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

கே: இங்கிலாந்துப் படம் அமெரிக்காவுக்குப் போனது எப்படி? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பணம். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவிடமிருந்து ஜோசப் டுவீன் என்ற வியாபாரி வாங்கி, 1921-ல் ரயில்வே செல்வந்தர் ஹென்றி ஹண்டிங்டனுக்கு ஏழு லட்சம் டாலருக்கு மேல் விற்றார். கப்பலேறுமுன், 1922 தொடக்கத்தில், லண்டன் நேஷனல் கேலரியில் மூன்று வாரம் வைத்தார்கள். சுமார் 90,000 பேர் வழியனுப்ப வந்தார்கள். கேலரியின் இயக்குநர் படத்தின் பின்புறம் 'மீண்டும் சந்திப்போம்' என்று பிரெஞ்சில் எழுதி அனுப்பினார். 2022-ல், சரியாக நூறு ஆண்டு கழித்து, சில மாதங்களுக்குப் படம் அதே கேலரிக்கு வந்துபோனது.

கே: எதிரே மாட்டியிருக்கும் ரோஸ் நிற ரிப்பன் பெண் அவன் தங்கையா? (வாசகி, நாகர்கோவில்)

ப: இல்லை. அது 1794-ல் தாமஸ் லாரன்ஸ் வரைந்த 'பிங்கி'. ஜோடி சேர்த்தது ஹண்டிங்டன்.

கே: இப்படிப்பட்ட ஓவியர்கள் நம் பக்கம் வந்ததுண்டா? (வாசகர், சென்னை)

ப: வந்தார்கள். லண்டனில் பெரிய கைகளோடு போட்டியிட முடியாத டில்லி கெட்டில் 1769-ல் சென்னையில் வந்து இறங்கினார். இந்தியாவுக்கு வந்த முதல் தேர்ந்த ஆங்கில ஓவியர் என்று அவரைச் சொல்வார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலியை வரைந்தார். பிறகு பைசாபாத், கல்கத்தா என்று சுற்றி நல்ல காசோடு 1776-ல் ஊர் திரும்பினார். அங்கே எடுபடவில்லை. மறுபடி இந்தியாவையே நம்பித் தரைவழியாகக் கிளம்பியவர், 1786-ல் அலெப்போவைத் தாண்டிப் பாலைவனத்தில் இறந்துபோனார்.