ஆபரேட்டர் பதில்கள்: கறுப்புப் பட்டை இருக்கட்டும்

கேள்வி: சின்ன வயதில் தேவி தியேட்டரில் பார்த்த ஒரு சினிமாஸ்கோப் படம் இப்போது என்னிடம் மூன்று விதமாக இருக்கிறது. பர்மா பஜாரில் வாங்கிய வி.சி.டி.யில் திரை நிறையப் படம். டி.வி.டி.யில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. ஓ.டி.டி.யில் மறுபடியும் திரை நிறைய. பட்டை வந்தால் படத்தை வெட்டிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?
– பெரம்பூர் வாசகர்

பதில்: நேர்மாறு. பட்டை உள்ள டி.வி.டி.யில்தான் முழுப் படமும் இருக்கிறது.

ஸ்கோப் படத்தின் உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35. பழைய டி.வி.க்கு அகலம் 1.33தான், இன்றைய டி.வி.க்கு 1.78. திரையை நிறைக்க வேண்டும் என்றால் பக்கவாட்டில் வெட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் வி.சி.டி.யில் நூற்றுக்கு 43 பங்கு போயிருக்கும். ஓ.டி.டி.யில் ஏறக்குறைய கால் பங்கு.

அண்ணா சாலைத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஸ்கோப் ரீலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஆட்கள் எல்லோரும் நெட்டையாக, ஒல்லியாக நிற்பார்கள். கேமராவின் லென்ஸ் அகலத்தைப் பாதியாக நெருக்கிப் பதிந்திருக்கும். புரொஜெக்டரில் நாங்கள் மாட்டும் ஸ்கோப் லென்ஸ் அதை இரண்டு மடங்காக விரிக்கும். 1973-ல் 'ராஜ ராஜ சோழன்' தமிழுக்கு ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. அப்புறம் நம் ஒளிப்பதிவாளர்கள் அந்த அகலத்தை நம்பி ஆட்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். திண்ணையின் ஒரு கோடியில் மகன், மறு கோடியில் அம்மா. பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் காட்சியே. வெட்டிய வி.சி.டி.யில் என்ன மிஞ்சும்? நடுவில் ஒரு தூண், ஓரங்களில் இரண்டு மூக்கு. இல்லையென்றால் மகனைக் காட்டப் படம் இந்தப் பக்கம் நகரும், அம்மாவைக் காட்ட அந்தப் பக்கம் நகரும். ஒளிப்பதிவாளர் அசைக்காத கேமராவை, பிறகு வேறு யாரோ அசைத்திருக்கிறார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

அந்த நாள் கேசட்டுகளில் பெயர்கள் ஓடும்போது மட்டும் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள், கவனித்திருப்பீர்கள். எழுத்து வெட்டுப்படக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் முழு அகலத்தையும் நெருக்கி வைத்தார்கள். பெயர்கள் முடிந்ததும் வெட்டு தொடங்கிவிடும்.

டி.வி.டி.யில் நான்கு பக்கமும் பட்டை வந்தால் அது பழைய டி.வி.க்காகப் போட்ட டிஸ்க். அதற்கு மட்டும் ரிமோட்டில் 'ஜூம்' வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் மேலிருந்து கீழாக உள்ள 576 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது 326 வரிதான் என்பதால் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் படம் முழுசாக இருக்கும்.

கேள்வி: அப்பா பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் இரண்டு பக்கமும் பட்டை வருகிறது. திரையை நிறைத்தால் எல்லோரும் குண்டாகிவிடுகிறார்கள். என்ன செய்வது?
– கொளத்தூர் வாசகி

பதில்: அந்தப் படங்களின் அகலம் 1.37. அதை 1.78-க்கு இழுத்தால் முகம் 30 சதவீதம் அகன்றுவிடும். நெற்றிப் பொட்டையோ சாப்பாட்டுத் தட்டையோ பாருங்கள். வட்டம் வட்டமாக இருந்தால் சரி. டி.வி. செட்டிங்கில் படத்தின் அளவை 4:3 என்று வைத்துவிட்டு, அப்பாவை நிம்மதியாகப் பார்க்க விடுங்கள்.

இழுப்பதைவிட மோசமானது, பழைய படத்தை 'டிஜிட்டல் சினிமாஸ்கோப்' ஆக்குவது. இல்லாத அகலம் எங்கிருந்து வரும்? மேலும் கீழும் நூற்றுக்கு 42 பங்கை வெட்டினால்தான் வரும். ஒரு நாட்டியக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அபிநயம் தெரிய வேண்டும் என்றால் சலங்கை கட்டிய காலை விட வேண்டும். காலை வைத்தால் முகம் போய்விடும். ஆடியவருக்கும் ஆட்டுவித்தவருக்கும் செய்கிற அநியாயம் இது. வெட்டாத பழைய டிஸ்க் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: ஒரு ஆங்கிலப் படத்தின் இரண்டு டிஸ்க்குகளில், பழையதில் மேலும் கீழும் கூடுதலாகத் தெரிகிறது. அப்படியானால் அதுதானே முழுப் படம்?
– குரோம்பேட்டை வாசகர்

பதில்: இங்கே கணக்கு வேறு. ஸ்கோப் லென்ஸ் இல்லாமல் எடுத்த பல படங்களில் ஃபிலிமில் உயரம் கூடுதலாகவே பதிவாகியிருக்கும். தியேட்டரில் புரொஜெக்டரின் கேட்டில், அதாவது ஃபிலிம் மேல் வெளிச்சம் விழும் சட்டத்தில், ஒரு தகட்டைச் செருகி மேலும் கீழும் மறைத்து, 1.85 அகலத்தில் ஓட்டுவோம். இயக்குநர் பார்த்துப் பார்த்து வைத்தது அந்த அளவுக்குத்தான். டி.வி.க்காக மறைப்பை எடுத்துவிட்டால், நடிகர் தலைக்கு மேல் மைக் தொங்குவதுகூடச் சில படங்களில் தெரியும். புதிய டிஸ்க் தியேட்டர் அளவில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.