மருமகளின் சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மருமகளுக்கு இது ஆறாம் மாதம். ரத்தம் 8.4 தான் இருக்கிறது என்று சொல்லி, கிராமச் செவிலியர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், வயிற்றிலேயே பெருத்துப் பிரசவம் சிரமமாகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவளுக்கு மலமும் கறுப்பாகப் போகிறது. நான் மாத்திரையே இல்லாமல் நான்கு பிள்ளை பெற்றவள். நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகைதான். 8.4 என்ற அளவோடு பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்குகூட உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். உடல் ஏற்றுக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது; குழந்தையின் நிறம் பெற்றோர் வழியாக வருவது, அதற்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை.

பிள்ளை பெருத்துவிடும் என்ற பயத்தை நான் அறியாமை என்று தள்ளமாட்டேன். பதினைந்து, பதினாறு வயதில் மணமாகி, இடுப்பெலும்பு முழுதாக வளரும் முன்பே, மருத்துவமனை எட்டாத ஊரில் வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில், சிறிய குழந்தை என்றால் தாய் பிழைத்தாள். அந்த அனுபவத்திலிருந்து வந்த பயம் அது. இன்றோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றுவதுதான் மருத்துவம் பார்க்கும் எங்களுக்குப் பெரும் பாடு.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. சீட்டில் 'ரத்தம் குறைவு' என்று எழுதும் நாங்கள், அந்த வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் ஒட்டிய களியையும் காய் தீர்ந்துபோன வெறும் குழம்பையும் உண்ணும் மருமகளுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? இதே தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கு அருகிலுள்ள சிட்டிலிங்கியில், 1993-இல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கிய ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியர், அங்குள்ள மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி தந்து அவர்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். வெளியிலிருந்து வரும் மருத்துவரைவிட வீட்டு மனுஷியின் சொல்லுக்கு மதிப்பு அதிகம் அல்லவா? உங்கள் வீட்டில் அந்தச் சொல் உங்களுடையது.

ஆகவே அவளுக்கு முதலில் பரிமாறுங்கள். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, முட்டை, வசதிப்பட்டால் ஈரல் கொடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கட்டும். டீ குடிப்பதற்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் தர வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை என்பது செவிலியர் சொன்னபடியே இருக்கட்டும். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். ஒரு மாதத்தில் அளவு ஏறவில்லை என்றால், இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.