குலாங்சு எங்கே போனது?

பழைய தபால் அட்டையில் "குலாங்சு, ஆமோய்" என்று இருக்கிறது, வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தீவு அங்கேயேதான் இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. ஆமோய் என்பது இன்றைய சியாமென், குலாங்சு இன்றைய குலாங்யூ, அப்படித் தேடிப் பாருங்கள், தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியன் கரையை ஒட்டி, சியாமெனுக்கு எதிரே ஒரு ஒடுங்கிய நீரிணையைத் தாண்டினால் வந்துவிடும்.

மொத்தமே 2 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தென்மேற்குக் கரையில் ஓட்டை விழுந்த பாறை ஒன்று உண்டு, அலை மோதினால் முரசு மாதிரி ஒலிக்குமாம், குலாங்யூ, அதாவது 'முரசு அலைத் தீவு', என்ற பெயரே அதனால்தான்.

1842இல் பிரிட்டனும் சீனாவும் செய்த நான்கிங் ஒப்பந்தத்தில் ஆமோய் துறைமுகம் திறக்கப்பட்டதும் வெளிநாட்டவர் இங்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் 1903 முதல் பன்னாட்டுக் குடியிருப்பு, அதாவது பல நாட்டவர் சேர்ந்து நிர்வகித்த பகுதி, தனி நகரசபை, காவலுக்குச் சீக்கியப் போலீஸ்கூட இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பிடித்தது. 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அட்டையில் தேதி முத்திரை தெரிகிறதா? 1903க்குப் பிந்தையது என்றால் அந்தக் குடியிருப்புக் காலத்து அட்டை. படத்தில் காரைத் தேடாதீர்கள், இன்றைக்கும் அங்கே கார் ஓடாது.