பர்மா, சிலோன், குடியுரிமை: வியாசர்பாடியிலிருந்து கேள்வி பதில்

பர்மாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் தாயகம் திரும்பியோருக்கு மனு எழுதித் தருபவன் என்பதால் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா 1965இல் ரங்கூனிலிருந்து வந்தார். நான் 1972இல் ராயபுரத்தில் பிறந்தேன். நான் இந்தியக் குடிமகன்தானா?

ஆமாம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மூலத்தை எந்த ஏஜென்டிடமும் கொடுக்காதீர்கள்.

ஆதார் போதாதா?

போதாது. அது குடியுரிமைச் சான்று அல்ல.

பர்மாவிலும் சிலோன் மாதிரி சட்டம் போட்டுத்தான் விரட்டினார்களா?

இல்லை. சிலோனில் முதலில் சட்டம் வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருடமே வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? 1949இல் வாக்குரிமையும் போனது. 1964இல் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. அந்த மக்களின் சம்மதத்தைக் கேட்காமலே பாகப்பிரிவினை! இன்றைக்கும் என்னால் இதை ஆத்திரமில்லாமல் எழுத முடியவில்லை.

பர்மாவில் பிழைப்பில் கைவைத்தார்கள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின, 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பல் ஏறுவதைத் தவிர வேறென்ன வழி? தங்கிவிட்டவர்களை 1982 குடியுரிமைச் சட்டம் பிடித்தது. 1823க்கு முன்பே வேரூன்றிய இனங்களுக்குத்தான் அதில் முழு உரிமை.

ஜி.ஜி. பொன்னம்பலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிலோன் தமிழ்த் தலைவரே தோட்டத் தமிழர்களைக் காட்டிக்கொடுத்தார்.

இந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். 1948இல் அவர் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்த அரசில் அமைச்சரானார். அதை ஏற்காத அவர் கட்சிக்காரர் செல்வநாயகம் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பதவிக்காகப் போனவரைக் காப்பாற்றுகிறீர்கள்.

இல்லை ஐயா. அவர் போனது தவறு என்பதுதான் என் கருத்தும். ஆனால் சட்டம் கொண்டுவந்தது பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அரசு. முதல் பழி அங்கே.

பாரிமுனையில் விற்கும் அத்தோ நூடுல்ஸ் பர்மாவிலிருந்து வந்ததா?

ஆமாம்.

ஆதாரும் ரேஷன் கார்டும் சேர்ந்தால்?

மேலே சொன்ன பதில்தான்: போதாது.

புழல் இலங்கை அகதிகள் முகாமில் 1992இல் பிறந்தேன். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது. அதில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான். ஆனால் உங்கள் பெற்றோர் மலையகத் தோட்டத் தமிழரா, 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்றவர்களா என்று வீட்டில் கேளுங்கள். நீங்கள் பிறந்தபோது அவர்களில் ஒருவர் இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தாலும் நீங்கள் பிறப்பால் குடிமகன். கண்டியில் கொடுத்த பழைய இந்திய பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மனு எழுதித் தருகிறேன்.