0.9 பொருத்தம் வந்தால் அது குவெர்செட்டின்தானா?

இலைச்சாற்றின் நிறை நிறமாலையை (மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் வரைபடம்) அறியப்பட்ட நிறமாலைகளுடன் ஒப்பிடும் ஜிஎன்பிஎஸ் இணையத் தரவுத்தளம், 0.9 பொருத்தத்துடன் (1 என்றால் முழுப் பொருத்தம்) குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மம் என்கிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நம்பலாம். மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் தந்து அளக்கும் நேர்மின் அயனி முறையில் குவெர்செட்டின், நிறை-மின்னூட்ட விகிதம் (m/z) 303.05-இல் தெரியும். மோரின் என்ற இன்னொரு தாவரச் சேர்மமும் அங்கேதான் நிற்கும். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே, ஹைட்ராக்சில் (OH) தொகுதி அமர்ந்த இடம்தான் வேறு.

சாற்றைப் பிரிக்கும் குழாயிலிருந்து 303 வெளிவரும் அதே நிமிடத்தில் 611.16-இல் ஓர் உச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களிடம் இருப்பது, குவெர்செட்டினோடு இரண்டு சர்க்கரைகள் ஒட்டிய ரூட்டினாக இருக்கலாம். அயனியாகும்போதே இரண்டு சர்க்கரைகளும் உதிர்ந்து 303 மிஞ்சும். பலரும் வழுக்கும் இடம் இது.

மூலக்கூறு உடைந்து தரும் உச்சிகளில் எத்தனை பொருந்தின? மூன்றே உச்சிகளில் வந்த 0.9-ஐ நான் மதிப்பதில்லை, ஆறு உச்சிகளாவது வேண்டும். பிறகு தூய குவெர்செட்டினை அதே கருவியில் ஓட்டுங்கள். வெளிவரும் நேரமும் ஒத்துப்போனால் பெயரை எழுதலாம். தரவுத்தளத்திலேயே இல்லாத சேர்மம் என்றால், பிரித்தெடுத்து, அணுக்கள் இணைந்த விதத்தைக் காட்டும் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) எடுக்க வேண்டியதுதான்.