ஐந்து மாதக் குழந்தைக்கு விட்டுப்போன தடுப்பூசி: முடிவு யாருடையது, இனி என்ன செய்வது?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் இருக்கிறோம். பிள்ளைக்கு ஐந்து மாதம். பிரசவம் கேரளத்து நெய்யாற்றின்கரையில். பிறந்தவுடன் போடும் ஊசிகளும் ஆறாவது வார ஊசிகளும் போட்டாச்சு. ஆறாவது வாரம் போட்ட பிறகு இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததால், கல்ஃபில் இருக்கும் கணவரும் மாமியாரும் இனி வேண்டாம் என்கிறார்கள். தடுப்பூசி சட்டப்படி கட்டாயமா? நான் மட்டும் முடிவெடுக்கலாமா? போடுவதென்றால் முதலிலிருந்து தொடங்கணுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டாம். எவ்வளவு தாமதமானாலும் போட்ட டோஸ் போட்டதுதான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பிள்ளையைக் கொண்டுபோனால், ஒரே நாளில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் இரண்டாம் டோஸ் இடது தொடையில், நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி வலது தொடையில், போலியோ ஊசி வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மி.லி., கூடவே போலியோ சொட்டு இரண்டு துளி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு என எல்லாம் போட்டுவிடுவார்கள். குறைந்தது நான்கு வாரம் கழித்து பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, ரோட்டா மூன்றாம் டோஸ். பிறகு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. கேரள அட்டையில் அஞ்சாம்பனி என்று இருப்பது தட்டம்மைதான். ஒரே நாளில் மூன்று குத்து என்றதும் மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் பிரித்துப் போட்டால் மூன்று தனித்தனி நாள் அழுகையும் மூன்று தனித்தனிக் காத்திருப்பும்தான் மிச்சம், பாதுகாப்பு கூடாது.

ரோட்டா, பி.சி.ஜி. (பிறந்தவுடன் போடும் காசநோய் ஊசி) இரண்டையும் தொடங்க ஒரு வயது வரைதான் அவகாசம் உண்டு. பென்டாவேலன்டும் அப்படியே. ஆக, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனால் யாரும் முடிவெடுக்காமலேயே சில விஷயங்கள் முடிவாகிவிடும்.

இனி சட்டம். வழக்கமான குழந்தைத் தடுப்பூசி அட்டவணையைப் பின்பற்றாத பெற்றோருக்குத் தண்டனை என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. 2022 மே 2ஆம் தேதி கோவிட் தடுப்பூசி பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் உடல்மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. அதே தீர்ப்பில், பொதுச் சுகாதாரத்துக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. வாட்ஸப்பில் சுற்றுவது முதல் பாதி மட்டும். 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் திட்டத்துக்குப் பெற்றோரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும், மறுப்புக் கடிதம் வராததையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் பக்கம் நிற்கும் தீர்ப்பு அது. முன்பு நம் மாவட்டம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நிலைமை வேறு: 1879இல் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்களுக்கு அம்மை குத்துவதை (பெரியம்மைத் தடுப்பூசியை) கட்டாயமாக்கி அரச அறிவிப்பே வந்தது.

நீங்கள் மட்டும் முடிவெடுக்கலாமா? எடுக்கலாம். ஊசி போடும் இடத்தில் இரண்டு பேர் கையெழுத்து யாரும் கேட்பதில்லை. பிள்ளையைக் கொண்டுவரும் தாயின் வாய்ச் சம்மதம் போதும். தந்தை அருகில் இல்லாமல் பொறுப்பு முழுவதும் தாயிடம் இருக்கும்போது தாயே இயற்கைக் காப்பாளர் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்துக் குடும்பச் சட்டத்தை விளக்கியிருக்கிறது.

ஆனால் உரிமை என்பதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையாக மட்டும் பார்க்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதும் உங்கள் உரிமைதான், அதைத்தான் நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை. செவிலியர் ஊசி மருந்தை எடுக்கும்போது குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளிலோ மூடியிலோ ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறமாகவோ, சதுரம் இன்னும் கருத்தோ இருந்தால் அதைப் போடக் கூடாது. காலாவதி தேதியைப் பாருங்கள். பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகள் தூளாக வருபவை. கரைத்து நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், எனவே கரைத்த நேரம் குப்பியில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பென்டாவேலன்டுக்கு வேறு ஆபத்து: உறைந்தால் கெட்டுவிடும். மெடிக்கலில் வாங்கி, ஐஸ் கட்டிமேல் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவதும், வீட்டு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு ஒட்டி வைப்பதும் அதனால்தான் தவறு. அதற்கான வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். செவிலியர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்: என்ன ஊசி, எந்த நோய்க்கு, என்ன பின்விளைவு வரலாம், அடுத்தது எப்போது. இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் விஷயத்துக்கு வருகிறேன். பென்டாவேலன்டில் உள்ள கக்குவான் இருமல் பகுதி முழு நுண்ணுயிரை (செத்ததை) வைத்துச் செய்வது. அதனால் ஓரிரு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் எதிர்பார்த்ததுதான். அடுத்த டோஸை நிறுத்த அது காரணமல்ல. தனியார் ஆஸ்பத்திரியில் 'வலியில்லா ஊசி' என்று தருவதில் நுண்ணுயிரின் சில புரதங்கள் மட்டும் இருக்கும். காய்ச்சல் குறைவு, பாதுகாப்பும் சீக்கிரம் குறைகிறது. பணம் கொடுத்து வாங்குவது எல்லா வகையிலும் மேல் என்று நினைக்க வேண்டாம்.

எதற்கு நிறுத்த வேண்டும் என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய டோஸ் போட்டதும் மூச்சுத்திணறல், முகம் வீங்குவது போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஏழு நாளுக்குள் நினைவு தப்பும் அளவு மூளைப் பாதிப்பு வந்திருந்தாலோ அந்த ஊசி கூடாது. ஜன்னி (வலிப்பு), மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, பிள்ளை துவண்டு வெளுத்துப்போனது என்று ஏதாவது நடந்திருந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிபோல வசதி உள்ள இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சளி, லேசான வயிற்றுப்போக்கு, எடை குறைவு, ஆன்டிபயாட்டிக் குடிப்பது இவை எதுவும் தடை அல்ல.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அவசர ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். வீட்டில் தைலம் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுத்து அமுக்குவதும் வேண்டாம், ஈரத்துணி போதும். பாராசிட்டமால் கொடுக்கும்போதுதான் வழக்கமாகப் பெரிய தவறு நடக்கிறது. ஒரு வேளைக்கு அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். பிள்ளை ஆறு கிலோ என்றால் 60 முதல் 90 மி.கி. சொட்டு மருந்து பாட்டிலில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், ஆக 0.6 முதல் 0.9 மி.லி. சிரப்பில் பொதுவாக 5 மி.லி.க்குத்தான் 120 அல்லது 125 மி.கி. 'போன தடவை மூன்று மி.லி. கொடுத்தோம்' என்று சிரப் கணக்கில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் 300 மி.கி. உள்ளே போய்விடும். பாட்டிலில் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள். காய்ச்சல் வராமலே முன்கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம்.

எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றுதான் குடும்பம் முடிவெடுக்கிறது என்றால், அந்த முடிவோடு சில கடமைகளும் வருகின்றன. பிள்ளைக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும், தடுப்பூசி முழுமையாகவில்லை என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தொண்டை அடைப்பானில் (டிப்தீரியா) அந்த ஒரு தகவல் உயிரைக் காக்கும். 2016இல் மலப்புறத்தில் அந்த நோய் திரும்பி வந்தது, நம் எல்லைக்கு அப்பால் ஒரு ரயில் தூரம்தான். ஊரில் தட்டம்மை இருந்தால் பிள்ளையைக் கல்யாணம், கோயில் கொடை, பள்ளித் திருவிழா எதற்கும் கொண்டுபோகக் கூடாது. ஒன்பது மாதம் ஆகாத அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அந்த ஊசி இன்னும் போட்டிருக்காது, அதற்கு நம் பிள்ளைகள்தான் வேலி. ரண ஜன்னிக்கு (டெட்டனஸ்) மட்டும் அந்த வேலியும் கிடையாது. அது மனிதரிடமிருந்து ஒட்டுவதில்லை, மண்ணிலிருந்து காயம் வழியாக வருவது. ஊரில் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும், ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு ஓடும் ஊசி போடாத பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

புதன்கிழமை போகும்போது நெய்யாற்றின்கரையில் தந்த அட்டையைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். தேசிய அட்டவணை இரு மாநிலத்துக்கும் ஒன்றுதான், மலையாளத்தில் இருந்தாலும் தேதியும் டோஸ் எண்ணும் போதும். பிரசவம் ஒரு இடம், தாய் வீடு ஒரு இடம், புகுந்த வீடு ஒரு இடம் என்று இருக்கும்போது எந்த ஊர்ப் பதிவேட்டிலும் பிள்ளையின் பெயர் ஏறாமல் போகும். எனவே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பெயரைச் சேர்த்து, அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்கி, இரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். சந்தேகம் என்றால் 104, அவசரம் என்றால் 108.

கணவருக்கு நீங்கள் வாதாடிப் புரியவைக்கத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்க்கும்போது வீடியோ காலில் அவரையும் சேர்த்து, காய்ச்சலைப் பற்றிய கேள்வியை அவரே கேட்கட்டும். இங்கே காலை பத்து மணி என்றால் துபாயில் எட்டரை, சவுதியில் ஏழரை.