மறுக்கப்பட்ட முழங்கால் கோரிக்கைக்குப் புதிய எம்.ஆர்.ஐ. உதவுமா?

அட்டனிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் அமெரிக்க இராணுவத்தில் நான்கு வருடம் இருந்தவர். பயிற்சியில் லொறியிலிருந்து விழுந்து இடது முழங்காலில் அடிபட்டது. இப்போது ஊரோடு வந்துவிட்டோம். தேய்மானத்துக்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களம் ஊனக் கொடுப்பனவை மறுத்து, கடிதம் வந்து பத்து மாதம். கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பழைய சவ்வுக் கிழிசல் தெரிகிறது. பாதையிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி. மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுகிறார். மேன்முறையீடு செய்யலாமா?

பதில்: சகோதரி, முதலில் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்து வென்றால், முதலில் கோரிய நாளைக் கணக்கில் கொண்டு நிலுவை கிடைக்க வழியுண்டு. பிந்தினால் பெரும்பாலும் புதிய விண்ணப்ப நாளிலிருந்துதான். உங்களுக்கு இரண்டே மாதம்.

‘ஹையர் லெவல் ரிவியூ’, அதாவது மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பை மீண்டும் பார்ப்பதை, கேட்காதீர்கள். அதில் புதிய சான்றைப் பார்க்கவே மாட்டார்கள், உங்கள் எம்.ஆர்.ஐ. வீணாகிவிடும். உங்களுக்குரியது ‘சப்ளிமென்டல் கிளெய்ம்’, அதாவது புதிய சான்றோடு மீண்டும் கோருவது, படிவம் 20-0995. முன்பு அவர்கள் பார்த்திராத, விடயத்துக்குப் பொருந்துகிற சான்று அதற்குத் தேவை. எம்.ஆர்.ஐ. அறிக்கையை இணைத்து இப்போதே அனுப்புங்கள். முடிவு வரும்வரை மற்றவற்றைச் சேர்க்கலாம்.

ஆனால் படம் மட்டும் போதாது. கிழிசல் இருப்பதை அது காட்டும், எப்போது வந்தது என்று சொல்லாது. மறுத்த காரணமே தொடர்பில்லை என்பதுதானே? அதனால் எலும்பு வைத்திய நிபுணரிடம் கடிதம் வாங்குங்கள். கணவரின் இராணுவ மருத்துவப் பதிவுகளைக் கையோடு கொண்டுபோங்கள். அவற்றைப் படித்ததாக வைத்தியர் எழுத வேண்டும். இன்றைய பாதிப்பு அந்த விழுகையால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு என்று, காரணத்தோடு சொல்ல வேண்டும். ‘அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நொட்’ என்பதுதான் அங்கே எதிர்பார்க்கும் வாசகம். ‘இருக்கலாம்’ என்று மட்டும் எழுதிய நல்ல வைத்தியர்களின் கடிதங்கள் தோற்றுப்போனதைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். கிளினிக் கொப்பியின் பிரதியையும் வையுங்கள். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைப்பது நல்லது.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவுமில்லை. வென்று தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம், அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நீங்களும் சாட்சிதான், படிவம் 21-10210. அவர் சேவை முடித்து வந்த நாளிலிருந்தே காலைத் தாங்கி நடந்ததைக் கண்டிருந்தால் எழுதுங்கள். விழுந்ததைப் பார்த்த சகவீரரும் எழுதட்டும். எனக்கு எழுதியது போலவே அந்த நாற்பது படியையும், அவர் உட்காரும் மூன்று இடத்தையும் எழுதுங்கள்.